நாலு டிகிரியில் நின்ற திரை

"அண்ணி, திரையில ஒரு நம்பர் தெரியுதுல்ல, அது இப்ப வந்த நம்பரா, முன்னாடியே வந்து நிக்கிற நம்பரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வீட்டு மாடிப்படியில் வழிமறித்துக் கொழுந்தன் இப்படிக் கேட்டபோது அவள் கையில் காய்கறிப் பை இருந்தது. பையைக் கீழே வைக்காமலே திருப்பிக் கேட்டாள்.

"எதுக்குக் கேக்குற?"

"சும்மாத்தான் அண்ணி."

சும்மா கேட்கிறவர்களை அவள் என்றைக்கும் நம்பியதில்லை. காவல்காரர் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார் என்று ஒருவன் சும்மா விசாரிப்பது போல இருந்தது அது. "நம்பரெல்லாம் வர்ற நேரத்துக்கு வரும். நீ உன் கம்ப்ரசரப் பாரு" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள். ஆனால் அந்தக் கேள்வியை முந்தானையில் முடிந்துகொண்டது போல மனசில் வைத்துக்கொண்டாள்.

பதினோராம் நாள், பதினான்காம் அறையில் இருந்த மருந்து முழுவதும் கெட்டுப்போனது.

அவள் வேலை பார்த்தது மருந்தைக் குளிரில் வைத்துக் காக்கும் ஒரு கிடங்கில். நீளமான கட்டடம். இருபத்துநான்கு அறைகள். எந்த அறையும் இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு மீட்டர் உண்டு. பத்து விநாடிக்கு ஒருமுறை தன் அறை எண்ணையும் டிகிரியையும் சேர்த்து ஒரு வரியாகக் கம்பி வழியே அது சொல்லும். அந்த இருபத்துநான்கு பேச்சையும் கேட்டு வாங்கித் திரையில் காட்டுவதும், எட்டைத் தாண்டினால் மணியடிப்பதும் ஒரு ப்ரோகிராமின் வேலை. அந்த ப்ரோகிராமை எழுதியவள் அவள்.

கல்லூரிக்குப் போய்க் கற்றுக்கொண்டு எழுதியதில்லை. இருபது வயதில் அங்கே டெலிபோன் போர்டில் உட்கார வந்தவள். முப்பது கம்பி, ஒரே ஆள். அந்த வேலைக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: யாருடைய கம்பியையும் காதில் வைத்துக்கொண்டு காத்திருக்காதே. விளக்கு எரிகிற கம்பியை எடு, சொன்னதை வாங்கு, வை, அடுத்த விளக்கைப் பார். போர்டைக் கழற்றிக்கொண்டு போன பிறகு அவளைக் கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு மாற்றினார்கள். அங்கே அட்டை கிழிந்த ஒரு தடித்த புத்தகம் கேட்பாரற்றுக் கிடந்தது. மூன்று வருஷத்தில் அதை முடித்தாள். அதில் இருந்த கணக்குகள் அத்தனையையும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். முதல் தடவை விடை சரியாக வந்ததை அவளால் நம்ப முடியவில்லை.

அந்தக் குணத்துக்குத்தான் கிடங்கில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர் வைத்தார்கள். "லாரி வந்துட்டுப் போயிருச்சு மேடம்" என்று ஒருவன் சொன்னால் போதாது. எந்த லாரி, எத்தனை மணிக்கு, யார் பார்த்தது என்று மூன்று கேள்வி வரும். பேர் நீளமாக இருந்ததால் நாளடைவில் கண்ணாடியம்மா என்று சுருங்கியது. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவர் மட்டும் வேறு மாதிரி சொல்வார்: "இவ தன் நிழலையே ரெண்டு தடவ எண்ணிப் பாக்குறவ."

கொழுந்தனுக்கு அங்கே மெக்கானிக் வேலை கிடைக்கப் பரிந்து பேசியது அவள்தான். கம்ப்ரசர்களைப் பார்த்துக்கொள்வதும், கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதும் அவனுக்கு வேலை. கண்காணிப்பு அறை கட்டடத்தின் கோடியில். அவளுடைய இடம் எதிர்க் கட்டட மாடியில். நடுவில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் முற்றம்.

வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் நாலு தடவை அவன் போன் செய்திருந்தான். "அண்ணி, திரை அப்படியே நிக்குது. எந்த நம்பரும் அசைய மாட்டேங்குது." நாலு தடவையும் அவள் படி இறங்கி, முற்றத்தைக் கடந்து, கண்காணிப்பு அறைக்குள் நுழைவதற்குள் திரை ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் தடவை வாசலில் நின்றே கேட்டாள்.

"தம்பி, தூங்கிட்டு எழுந்து போன் பண்றியா?"

"இல்ல அண்ணி. சத்தியமா இப்பத்தான் ஓட ஆரம்பிச்சுது. நீங்க வந்தா சரியாயிடுது."

"நான் என்ன மந்திரவாதியா?"

பதிவைத் திறந்து பார்த்தால் அவன் சொன்ன நேரத்தில் இருபது நிமிஷம், முப்பது நிமிஷம் என்று வெற்றிடம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது. திரை தானாக நின்றதா, இல்லை இவன் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பிறகு மாட்டுகிறானா? கேபிள் போவது அவன் நாற்காலிக்குப் பின்னால். அந்த அறையில் அவனைத் தவிர வேறு ஆள் கிடையாது. அதற்கப்புறம் அவன் போன் செய்யவில்லை. படியில் நிறுத்தி அந்தக் கேள்வியைக் கேட்டதோடு சரி.

பதினான்காம் அறையில் கெட்டது குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு மருந்து. அன்றைய பதிவில் காலை மணி பதினொன்று இரண்டுக்கு நாலு டிகிரி. அதற்கப்புறம் முப்பத்தொன்பது நிமிஷம் ஒன்றுமே இல்லை. பதினொன்று நாற்பத்தொன்றுக்கு ஒரேயடியாகப் பதினொரு டிகிரி. அதே நேரத்தில் பதினான்காம் அறை வாசலில் கொழுந்தன் நின்றதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். அதற்கு முன் அரை மணி நேரமாக அவன் நாற்காலி காலி.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். முன்பு கணக்கு ஆசிரியராக இருந்தவர். எதையும் பலகையில் எழுதிக்காட்டுவது போலத்தான் பேசுவார்.

"பதிவை நிறுத்தியிருக்கான். அறைக்குள்ள போய் ஏதோ பண்ணியிருக்கான். கம்ப்ரசர் நின்னுபோச்சு. அப்புறம் பதிவை ஓட விட்டுட்டான். திரை நாலுதான் காட்டிச்சு, சந்தேகம் வந்து ஒவ்வொரு ரூமாப் போய்ப் பாத்தேன், பேப்பர்ல எழுதினேங்கிறான். எங்கடா பேப்பர்னா காணோங்கிறான். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறான். நீங்கதான் ப்ரோகிராம் எழுதினவங்க. பதிவை என்ன பண்ணியிருக்கான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க. அதை வச்சு ஆளை அனுப்பிடலாம்."

"என் சொந்தக்காரன் சார் அவன்."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன். நீங்க யாரையும் விட மாட்டீங்க."

அது புகழ்ச்சியா இல்லையா என்று அவளுக்கு விளங்கவில்லை. அன்று ஞாயிறு கழிந்த திங்கள். வெள்ளிக்கு நாலு நாள்.

வீட்டில் கீழே கொழுந்தன் குடும்பம், மேலே இவர்கள், மொட்டை மாடி இருவருக்கும் பொது. மழை தூறினால் ஓரகத்தி மேலே ஓடிப்போய் இரண்டு வீட்டுத் துணியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வருவாள். "அக்கா, உங்க புடவையக் காப்பாத்திட்டேன், கப்பம் கட்டுங்க" என்று கதவைத் தட்டுவாள். அன்று சாயங்காலம் மழை வந்தது. காலடி மேலே ஏறியது, இறங்கியது. கதவு தட்டப்படவில்லை. அவள் போய்ப் பார்த்தபோது கொடியில் ஒரு பாதி காலி. மறு பாதியில் அவள் துணி மட்டும் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தது.

"அவன் அப்படிப் பண்ணியிருப்பான்னு நெனைக்கிறியா?" என்று கணவர் கேட்டார்.

"பண்ணலைன்னு நெனைக்க ஒரு ஆதாரமும் இல்ல."

"கூடப் பொறந்தவன்னு ஒண்ணு இருக்கு."

"அது உங்களுக்கு ஆதாரம்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே தம்பியைப் பார்க்கப் போனார்.

செவ்வாயன்று காலை முதல் வேலையாக அவள் கேபிளைப் பிடுங்கினாள். ஐந்து நிமிஷம் கழித்து மாட்டினாள். பதிவைப் பார்த்தாள். அந்த ஐந்து நிமிஷத்து வரிகள் தொலைந்து போயிருந்தன. அப்படித்தான் ஆக வேண்டும். மீட்டருக்கு ஞாபகம் கிடையாது. சொல்லும்போது கேட்க ஆளில்லை என்றால் சொன்னது காற்றோடு போயிற்று.

பிறகு மருந்து கெட்ட நாளின் பதிவைத் திறந்தாள். மேனேஜர் பார்த்தது நிமிஷத்துக்கு ஒரு வரி என்று சுருக்கிய தாள். இவள் திறந்தது சுருக்காத பதிவு. பதினொன்று நாற்பத்தொன்றில் பதினான்காம் அறைக்கு ஒரு வரி இல்லை, இருநூற்று முப்பத்துநாலு வரி இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே விநாடி. முதல் வரி நாலு புள்ளி ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக் கடைசி வரி பதினொன்று புள்ளி மூன்று. பத்து விநாடிக்கு ஒன்று வீதம் முப்பத்தொன்பது நிமிஷத்துக்கு இருநூற்று முப்பத்துநாலு. அவள் பெருக்கிப் பார்த்தாள். இன்னொரு தடவை பெருக்கிப் பார்த்தாள்.

ஒரு வரிகூடத் தொலையவில்லை. அப்படியென்றால் யாரும் கேபிளைப் பிடுங்கவில்லை. மீட்டர்கள் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன. வரிகள் கம்ப்யூட்டர் வாசல்வரை வந்து அடுக்கடுக்காகக் காத்துக் கிடந்திருக்கின்றன. உள்ளே எடுத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. வந்து சேர்ந்த நேரத்தைத்தான் ப்ரோகிராம் குறித்துக்கொள்ளும் என்பதால், மெல்ல மெல்ல ஏறிய சூடு ஒரே தாவலாகப் பதிவாகியிருக்கிறது.

எடுத்துக்கொள்ள வேண்டிய ஆள் அவளுடைய ப்ரோகிராம்.

இதை அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற அறைகளின் வரிகளையும் எண்ணினாள். எல்லா அறைக்கும் இருநூற்றுச் சொச்சம். ஒன்பதாம் அறைக்கு மட்டும் ஒரே ஒரு வரி. அதுவும் அந்த வெள்ளத்தில் முதல் வரி. பழைய நாலு வெற்றிடங்களையும் எடுத்துப் பார்த்தாள். நாலிலும் அதே கதை: முதலில் ஒன்பது பேசுகிறது, அதற்குப் பின்னால் மற்றவர்கள் கூட்டமாக நுழைகிறார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர் நகர்ந்ததும் வரிசை உள்ளே பாய்வது போல.

ஒன்பதாம் அறை என்பது பெட்டிகளை ஏற்றி இறக்கும் அறை. அங்கே இருப்பது பழைய மீட்டர். மற்ற அறைகளில் எல்லாம் புதுசு. அவள் முதன்முதலாகக் கம்பி இழுத்து, முதன்முதலாக ப்ரோகிராம் எழுதியது இந்த மீட்டருக்குத்தான். மெதுவாகப் பேசும். ஒரு வரியைச் சொல்லி முடிக்க இரண்டு விநாடி எடுத்துக்கொள்ளும். மூத்த பிள்ளை மாதிரி அதன்மேல் அவளுக்கு ஒரு நம்பிக்கை.

மத்தியானம் போய் அதன் முன்னால் ஒரு மணி நேரம் நின்றாள். மேஸ்திரியும் அவர் ஆட்களும் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கதவு திறந்தே இருந்ததால் மீட்டர் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கம்பியை அசைத்தாள், திருகுகளை முடுக்கினாள். மீட்டர் பிசகாமல் பேசியது.

"என்ன கண்ணாடியம்மா, காய்ச்சலா அதுக்கு?" என்றார் மேஸ்திரி.

"இருக்கா இல்லையான்னுதான் பாக்குறேன்."

"நாடி புடிச்சுப் பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. அந்தக் கூட்டம் சிரிக்கிற கூட்டம்.

இருக்கைக்குத் திரும்பியதும் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினாள். ஒன்பதாம் அறை சொல்வதை வரியாக இல்லாமல் எழுத்து எழுத்தாக, ஒவ்வொரு எழுத்தும் எந்த விநாடியில் வந்தது என்று குறித்துக்கொள்கிற வேவுக்காரன். அன்று முழுக்க அதில் ஒன்றும் சிக்கவில்லை.

புதன்கிழமை காலை பத்து இருபதுக்குச் சிக்கியது. பூஜ்யம் வந்தது, ஒன்பது வந்தது, அதற்கப்புறம் ஓர் இடைவெளி, ஒரு நாலு. புள்ளி வரவில்லை. அங்கேயே நின்றது. தன் மேஜையில் இருந்த திரையைப் பார்த்தாள். இருபத்துநான்கு எண்ணும் சிலையாக நின்றன. மூலையில் கடிகாரம் மட்டும் ஓடியது. அது கம்ப்யூட்டரின் சொந்தக் கடிகாரம், இவள் ப்ரோகிராமைச் சேர்ந்ததில்லை. அதைப் பார்க்கிறவர்கள் எல்லாம் உயிரோடு இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

எழுந்து ஓடவில்லை. அவள் ப்ரோகிராமைத் திறந்தாள். அறைகள் பத்தைத் தாண்டியபோது, ஒவ்வொரு மீட்டராக நின்று கேட்டு முடிப்பதற்குள் நேரமாகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழுசாகத் திருப்பி எழுதியிருந்தாள். டெலிபோன் போர்டின் அதே சட்டம்தான்: யார் விளக்கு எரிகிறதோ அவரிடம் இருப்பதை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடு. ஆயிரத்து முந்நூறு வரியையும் அன்று சந்தேகத்தோடு படித்துத்தான் எழுதினாள். ஐந்து வரியைத் தவிர.

அந்த ஐந்து வரி முதல் ப்ரோகிராமிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. ஒரே ஒரு மீட்டர் இருந்த காலத்தில் எழுதியது. வேலை சின்னது: எழுத்துகளை வாங்கு, வரி முடியும்வரை விடாமல் வாங்கு. எட்டு வருஷமாகப் பிசகாத ஐந்து வரி என்று அதைத் திருப்பிப் பார்க்காமலே ஒட்டியிருந்தாள். ஒரே மீட்டர் இருந்தபோது காத்திருப்பதில் தப்பில்லை. அதைத் தவிரக் கேட்க வேறு யாரும் கிடையாது. இப்போது ஒன்பதாம் அறை பாதி வரி சொல்லி நிறுத்தினால், அந்த ஐந்து வரி மீதிப் பாதிக்காகக் கம்பியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். மற்ற இருபத்துமூன்று விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும்.

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் தன் கையெழுத்தை மட்டும் நம்பிவிட்டாள்.

ஆனால் மீட்டர் ஏன் பாதியில் நிற்க வேண்டும்? இறங்கி முற்றத்தைக் கடந்தாள். ஒன்பதாம் அறையை நெருங்கும்போது மீட்டர் கத்திக்கொண்டிருந்தது. திரும்பி வந்து வேவுக்காரனைக் கேட்டாள். புள்ளி வந்த நேரம் பத்து முப்பத்தொன்று. பத்து முப்பத்தொன்றுக்கு அவள் எங்கே இருந்தாள்? மாடிப்படியின் கடைசிப் படியில்.

என்னைப் பார்த்ததும் பேசுகிறது, என்று நினைத்தாள். இருட்டில் காலடியில் எதுவோ நெளிந்தது போல இருந்தது அவளுக்கு.

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆட்கள் கண்ணயர்ந்திருந்த நேரம் பார்த்து மேஸ்திரியிடம் போனாள்.

"மேஸ்திரி, ஒன்பதாம் ரூம் மீட்டர்ல யாரு கை வைக்கிறது?"

"யாரு வைப்பா மேடம்? நாங்க பெட்டியத் தூக்குறதோட சரி. மீட்டர் எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது."

கண்ணாடியம்மாவை மேடம் ஆக்கிவிட்டார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். வழக்கமாக இந்த இடத்தில் அவளிடமிருந்து மூன்று கேள்வி வரும். மேஸ்திரி அதற்குத் தயாராகத் தோள் துண்டை உதறிக்கொண்டார். அவள் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"என் ப்ரோகிராம்ல தப்பு இருக்கு மேஸ்திரி. அந்த மீட்டர் பாதிப் பேச்சுல நின்னா எல்லா ரூமும் நின்னுடுது. அது என் தப்பு. அதை நான் எழுதிக் குடுக்கப் போறேன். ஆனா எப்படி நிக்குதுன்னு தெரியாம எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. வெள்ளிக்கிழமை என் கொழுந்தனுக்கு வேலை போயிடும்."

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். இப்போது சந்தேகம் அவர் பக்கம்.

"உங்க தப்புன்னு நீங்களே எழுதுவீங்களா?"

"எழுதிட்டேன். கையெழுத்துதான் பாக்கி." தாளை நீட்டினாள். அவர் நிதானமாகப் படித்தார், மடித்துக் கொடுத்தார்.

"மஞ்ச பட்டன் ஒண்ணு இருக்கும்மா, மீட்டருக்கு அடியில. கதவு ஒரு நிமிஷம் தெறந்திருந்தா அது கத்த ஆரம்பிச்சுடும். நாங்க அரை மணி நேரம் ஏத்தணும். காது கிழிஞ்சுபோகும். பட்டன அமுக்கினா கப்புன்னு அடங்கிடும், எங்க நிக்குதோ அங்கேயே. முடிச்சதும் எடுத்து விட்டுருவோம்."

"யாரு சொல்லிக்குடுத்தது?"

"இதெல்லாம் யாரும்மா சொல்லிக்குடுக்கணும்? காது சொல்லிக்குடுத்துச்சு."

"நான் வர்றப்ப?"

மேஸ்திரி துண்டைப் பார்த்தார். "மேலே அடுக்குறவன் கண்ணுக்குப் படிக்கட்டு தெரியும். கண்ணாடின்னு ஒரு சத்தம் குடுப்பான். எடுத்து விட்டுருவோம். நீங்க பாத்தா எழுதிக் குடுத்துருவீங்கல்ல?"

நாலு தடவை இறங்கி வந்ததும், நாலு தடவையும் திரை உயிர்பெற்றதும் அவளுக்கு இப்போது விளங்கியது. எப்போது அமுக்கினாலும் நிற்காது. பத்து விநாடியில் இரண்டு விநாடிதான் அந்த மீட்டர் பேசுகிறது. அந்த இரண்டு விநாடிக்குள் கை பட்டால்தான் வரி பாதியில் அறும். ஐந்துக்கு ஒன்று.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது. திரை நின்றது உண்மை. ஆனால் அரை மணி நேரம் கொழுந்தன் எங்கே போயிருந்தான்? ஒவ்வோர் அறையாகப் பார்த்தேன் என்கிறான். வெளியில் போய் நின்றுவிட்டுத் திரும்பும்போது பதினான்காம் அறை வாசலில் அகப்பட்டிருக்கவும் கூடும். திரையின் குற்றம் வேறு, அவன் குற்றம் வேறு.

வியாழன் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. ஓரகத்தி. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, அன்னிக்குப் போட்டிருந்த சட்டைய இன்னிக்குத்தான் துவைக்க எடுத்தேன். பையில இது இருந்துச்சு. அவரு வீடெல்லாம் தேடினாரு, சட்டையத் தேடல." பென்சிலால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. "நீங்க இதையும் நம்ப மாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் குடுக்கிறேன்."

"உள்ள வா."

"வேண்டாங்க்கா" என்று இறங்கிவிட்டாள்.

கூப்பிடுவது அக்கா என்றுதான், கப்பம் கேட்ட குரல்தான் அதில் இல்லை. அதை மனசில் குறித்துக்கொண்டு சீட்டைப் பிரித்தாள். அறை எண், நேரம், கைத் தெர்மாமீட்டரில் கண்ட டிகிரி. பதினொன்று எட்டுக்கு முதல் அறையில் தொடங்கிப் பதினான்குவரை.

இன்றைக்கு எழுதிய சீட்டாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வோர் அறையின் கடைசி வரிக்கும் பதினொன்று நாற்பத்தொன்று என்று வைத்து, பத்துப் பத்து விநாடியாகப் பின்னோக்கி எண்ணினால் ஒவ்வொரு வரியின் நிஜ நேரம் கிடைக்கும். அந்த எண்கள் அவளைத் தவிர யார் கண்ணிலும் பட்டதில்லை. ஆறாம் அறை, பதினொன்று இருபது: சீட்டில் நாலு புள்ளி ஆறு. எண்ணிப் பார்த்தாள். நாலு புள்ளி ஆறு. பதினொன்றாம் அறை: மூன்று புள்ளி எட்டு. மூன்று புள்ளி எட்டு. ஒரே வரி மட்டும் இருந்த ஒன்பதைத் தவிர மற்ற பதின்மூன்று அறையும் ஒத்துப்போயின. இரண்டு இடத்தில் மட்டும் ஒரு புள்ளி வித்தியாசம். அது தெர்மாமீட்டருக்கு உரியது.

அவளுடைய திரையை நம்பாமல் அவன் காலால் நடந்து பார்த்திருக்கிறான். போன் செய்திருக்கலாம். செய்தால் என்ன கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அவள் கொடுத்த நாலு பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"வேலிக்கு ஓணான் சாட்சியா?" என்றார். "கொழுந்தனுக்கு அண்ணி எழுதின ரிப்போர்ட். சீட்டைக் குடுத்தது அவன் பெண்டாட்டி. மேலிடத்துல இதைக் காட்டினா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. உங்க மேல எனக்கு இருந்த மரியாதையே போயிடும் போலிருக்கு."

இருபத்திரண்டு வருஷத்தில் அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பார்வை எப்படிச் சுடும் என்று அன்றுதான் தெரிந்தது.

"உங்க இடத்துல நான் இருந்தாலும் இதையேதான் சொல்லுவேன் சார். பேப்பரை நம்ப வேண்டாம். கண்காணிப்பு அறைக்கு வாங்க."

ப்ரோகிராமை அவள் இன்னும் திருத்தவில்லை. வேண்டுமென்றே அப்படியே வைத்திருந்தாள். கொழுந்தனைக் காலியாக இருந்த பதினான்காம் அறைக்கு அனுப்பி, குளிரை அளக்கும் முனையைக் கைக்குள் மூடிப் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கச் சொன்னாள். ஒன்பதாம் அறையில் மேஸ்திரி. போனில் சொன்னாள்: "அமுக்குங்க." திரை ஓடிக்கொண்டே இருந்தது. "விடுங்க. திரும்ப அமுக்குங்க." ஓடியது. மூன்று, நாலு, ஐந்து. மேனேஜர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார்.

"அஞ்சுக்கு ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

"அது சராசரி சார், பட்டனுக்குத் தெரியாது. அமுக்குங்க மேஸ்திரி."

ஏழாவதில் திரை நின்றது. மேனேஜர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார்.

"தம்பி, புடிச்சுக்கோ" என்றாள் போனில்.

"புடிச்சுட்டேன் அண்ணி."

ஐந்து நிமிஷம். கொழுந்தனின் கைச்சூட்டில் அங்கே இருபத்தாறு டிகிரி என்று அவன் தெர்மாமீட்டர் சொன்னது. திரையில் பதினான்காம் அறை நாலு புள்ளி இரண்டு. மணி அடிக்கவில்லை. மூலையில் கடிகாரம் ஒழுங்காக ஓடியது.

"விடுங்க மேஸ்திரி."

ஒரு விநாடி. நாலு புள்ளி இரண்டு இருபத்தாறாகத் தாவியது. மணி அலறியது. பதிவைத் தாளில் எடுத்து மேனேஜர் முன்னால் வைத்தாள். அவர் தன் பையிலிருந்த பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஐந்து நிமிஷ வெற்றிடம், ஒரு தாவல். முப்பத்தொன்பது நிமிஷ வெற்றிடம், ஒரு தாவல்.

"அப்ப மருந்து கெட்டதுக்கு யாரு பொறுப்பு?" என்றார்.

"கம்ப்ரசர் தானா நின்னுது சார். அதோட ரிலே சுவிட்ச் எரிஞ்சிருக்கு, தம்பி கழட்டி வச்சிருக்கான். அது தெரியாமப் போனதுக்கு நான்."

"மேஸ்திரி ஆளுங்க?"

"பட்டன அமுக்கத்தான் வச்சிருக்கு. அமுக்கினா எல்லா ரூமும் நிக்கும்படி எழுதினது நான்."

கொழுந்தனை வேலையில் தொடரச் சொல்லி அன்றே உத்தரவு வந்தது. அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவள் கோப்பில் அப்படிப்பட்ட தாள் அதுதான் முதல். தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிறு மாலை கொழுந்தன் மொட்டை மாடிக்கு வந்தான். அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, என்னைச் சந்தேகப்பட்டீங்களா?"

"ஆமா."

"கடைசி வரைக்குமா?"

"வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும்."

அவன் சிரித்தான். முழுச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. கொடியின் மறு பாதியில் தன் வீட்டுத் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். அவள் துணியைத் தொடவில்லை. அதற்கு இன்னும் நாளாகும் என்று அவளுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை அவள் முற்றத்தைக் கடந்தபோது மேலே அடுக்குகிறவன் பழக்கதோஷத்தில் "கண்ணாடி" என்று குரல் கொடுத்தான். கீழே யாரும் பட்டனிடம் ஓடவில்லை. மீட்டர் வாய் மூடிக் கிடந்தது. கண்காணிப்பு அறைத் திரையில் ஒன்பதாம் அறை எண் மட்டும் சிவந்து நின்றது, பக்கத்தில் பதினொரு நிமிஷம் என்று அதன் வயது. மற்ற இருபத்துமூன்றுக்கும் மூன்று விநாடி, ஏழு விநாடி என்று வயது மாறிக்கொண்டே இருந்தது. ஐந்து வரிக்குப் பதில் இப்போது பதினெட்டு வரி. வந்ததை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நகர்ந்துவிடும். மீதி வந்தால் சேர்த்துக்கொள்ளும், வராவிட்டால் வயதைக் கூட்டிக்கொண்டே போகும்.

கொழுந்தன் திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு தெர்மாமீட்டரையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எங்க?"

"பதினாலு வரைக்கும் போயிட்டு வந்துடறேன் அண்ணி."

"திரையில தெரியுதே."

"தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் அவனைத் தடுக்கவில்லை. காலியான நாற்காலியில் உட்கார்ந்து பணிப் பதிவேட்டைத் திறந்தாள். பத்து நாற்பது, மெக்கானிக் அறைகளைப் பார்க்கப் போயிருக்கிறார், பார்த்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு கடிகாரத்தை ஒரு தடவை பார்த்து, பத்து நாற்பதுதானா என்று சரிபார்த்துக்கொண்டாள்.